ஸ்விங் ஒரு நிமிடம், நடை நான்கு மணி நேரம்

கோல்ஃபில் பந்தை 90 முறை அடித்து ஒரு சுற்றை முடிக்கும் ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதில் 36 அடி கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பில், பந்தை உருட்டுவதிலேயே கரைந்துவிடும். கிரீனைச் சுற்றி நின்று தட்டிவிடும் சின்ன அடிகள் ஒரு பதினைந்து இருக்கும். மிச்சம், நாற்பதை ஒட்டிய முழு ஸ்விங்குகள், அதாவது முழு வீச்சில் அடிக்கும் அடிகள். கிளப் (பந்தை அடிக்கும் கோல்) பின்னோக்கி நகரத் தொடங்கியதிலிருந்து பந்தில் படும்வரை ஒரு முழு ஸ்விங்குக்கு ஒன்றேகால் விநாடி போனால் அதிகம். ஆக, நான்கு மணி நேர ஆட்டத்தில் முழு ஸ்விங்குகளின் மொத்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் நடை, நிற்றல், யோசனை, பந்தைத் தேடல்.

உடம்புக்கு நல்லது என்று கோல்ஃபுக்கு வருகிறவர்களில் பலர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மோட்டார் வண்டியில் ஏறி மைதானத்தைச் சுற்றுகிறார்கள். பந்தை மட்டும் உள்ள பலத்தையெல்லாம் திரட்டி அடிக்கிறார்கள். இல்லாவிட்டால் மைதானத்துக்கே போகாமல் டிரைவிங் ரேஞ்ச் என்ற பயிற்சித் திடலில் கூடை கூடையாகப் பந்து அடித்துவிட்டு, வியர்த்தாயிற்று, பயிற்சி முடிந்தது என்று திரும்பிவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் நடை போகிறது, முதுகு போகிறது, ஸ்விங்கும் திருந்துவதில்லை. உடற்பயிற்சி காலில் இருக்கிறது. ஸ்விங் ஒரு கைத்திறன். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுத்தால் இரண்டும் கெடும்.

நடையின் கணக்கு

18 ஹோல் (குழி) கொண்ட மைதானம் ஒன்றின் ஸ்கோர் அட்டையில் மொத்த நீளம் 5,500 முதல் 6,500 மீட்டர் என்று போட்டிருக்கும். அது ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடியை அடிக்கும் இடமான டீயிலிருந்து கிரீன்வரை, பந்து போக வேண்டிய பாதையில் அளந்தது. நம் பந்து அந்தப் பாதையில் போவதில்லை. ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்கு நடக்க வேண்டும், புல் உயர்ந்து வளர்ந்த ரஃபில் குறுக்கும் நெடுக்குமாகத் தேட வேண்டும். எல்லாம் சேர்ந்து 8 முதல் 10 கிலோமீட்டர் வந்துவிடும். மேடு பள்ளம் அதிகமுள்ள இடங்களில் இன்னும் கூடும்.

உடலுழைப்பை அளக்க மெட் என்றொரு அளவுகோல் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் சக்தி 1 மெட். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் உடலுழைப்பு அட்டவணையின் 2011 பதிப்பில், மோட்டார் வண்டியில் சுற்றி ஆடும் கோல்ஃபுக்கு 3.5 மெட், கிளப் பையைச் சுமந்து நடந்தால் 4.3, தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு நடந்தால் 5.3, டிரைவிங் ரேஞ்சில் நின்ற இடத்தில் அடிப்பதற்கு 3. (சுமப்பதைவிட இழுப்பதற்கு ஏன் அதிகம் என்று குழம்ப வேண்டாம். அட்டவணை பல ஆய்வுகளைத் தொகுத்தது. ஒரு மெட் வித்தியாசத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.) மெட் எண்ணை உடல் எடையாலும் மணி நேரத்தாலும் பெருக்கினால் கலோரி வரும். 70 கிலோ ஆள் பையைச் சுமந்து 4 மணி நேரம் ஆடினால் சுமார் 1,200 கலோரி. அதில் 280 அவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும், அதைக் கழித்துவிட்டுத்தான் சந்தோஷப்பட வேண்டும். அதே ஆள் ரேஞ்சில் ஒரு மணி நேரம் அடித்தால் 210. கழிக்க வேண்டியதைக் கழித்தால் 140. சுறுசுறுப்பாக அரை மணி நேரம் நடந்தாலே அதற்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

2008-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் அந்நாட்டின் 3 லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பதிவுகளை அலசினார்கள். அதே வயதும் பாலினமும் சமூக நிலையும் கொண்ட மற்றவர்களோடு ஒப்பிட்டால், ஆடுகிறவர்களின் இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஆயுள் கணக்கில் அது சுமார் 5 ஆண்டு. கோல்ஃப்தான் காப்பாற்றியது என்று இதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது; உடம்பு நன்றாக இருப்பவர்தானே நான்கு மணி நேரம் வெளியில் அலைய முடியும். ஆனாலும் வாரத்துக்கு இரண்டு முறை 8 கிலோமீட்டர் நடக்கும் எவருக்கும் அது நல்லதுதான் என்பதற்குத் தனி ஆராய்ச்சி தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. நடந்து ஆடும் ஒரே ஒரு 18 ஹோல் சுற்று முதல் பாதியை ஏறக்குறைய முடித்துவிடும். இரண்டாம் பாதியைக் கோல்ஃப் தராது. அதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும், பின்னால் சொல்கிறேன்.

நடப்பதென்றால் சுமை குறைய வேண்டும். விதிப்படி பையில் 14 கிளப்வரை வைத்துக்கொள்ளலாம்; குறைந்தபட்சம் இத்தனை என்று எந்த விதியும் இல்லை. 3 வுட், 5 ஹைப்ரிட், 7 அயர்ன், 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர் என்று ஏழு போதும் (வுட்டும் ஹைப்ரிட்டும் தூரத்துக்கு, அயர்ன் நடுத்தரத்துக்கு, வெட்ஜ் கிட்டத்துக்கு, பட்டர் கிரீனில் உருட்ட). ஸ்கோர் அவ்வளவாகக் கெடாது, பை பாதியாக இளைக்கும். இடைப்பட்ட தூரங்களுக்கு ஒரே கிளப்பை முக்கால் வேகத்தில் அடிக்கப் பழகுவீர்கள், அது ஸ்விங்குக்கே நல்லது. பையை ஒற்றைப் பட்டியில் ஒரே தோளில் தொங்கவிட்டு 18 ஹோலும் நடப்பது இடுப்பை ஒருபக்கம் சாய்த்துவிடும். இரட்டைப் பட்டி வைத்த பை வாங்குங்கள். தள்ளுவண்டியை முன்னால் தள்ளுங்கள், பின்னால் இழுக்க வேண்டாம். இழுக்கும்போது ஒரு தோள் மட்டும் பின்னால் முறுக்கிக்கொண்டே இருக்கும்.

நடையின் வேகத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. அடித்துவிட்டுக் கிளம்பும்போது வேகமாக நடக்க வேண்டும், மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை. பந்து இன்னும் 20 மீட்டர் இருக்கும்போது நடையைத் தளர்த்திவிட வேண்டும். மேடேறிய மூச்சோடு கிளப்பை எடுத்தால் கை இறுகும், ஸ்விங் அவசரப்படும்.

பந்தில் படுமுன்பே முடிந்துவிடும் காரியங்கள்

இனி அந்த ஒரு நிமிடத்துக்கு வருவோம். வலக்கைக்காரர்களை நினைத்து எழுதுகிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

கிளப்பும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் சுமார் 2,000-இல் ஒரு பங்கு விநாடி. மேலிருந்து கீழே பந்துக்கு வரும் டவுன்ஸ்விங் கால் விநாடியை ஒட்டியது. கண்ணால் ஒன்றைப் பார்த்து உடம்பு அதற்குப் பதில் செய்யவே ஐந்தில் ஒரு பங்கு விநாடி தேவை. எனவே டவுன்ஸ்விங் நடக்கும்போது எதையும் திருத்த முடியாது. திருத்தியதாகத் தோன்றினால் அது பிரமை. திருத்த முடிந்ததெல்லாம் கிளப் அசைவதற்கு முன்பு இருக்கிறது: பிடி, நிற்கும் விதம், பந்து இருக்கும் இடம், குறி. இவை அலுப்பூட்டும் விஷயங்கள். அதனாலேயே யாரும் பயிற்சி செய்வதில்லை, அதனாலேயே இங்கேதான் லாபம் அதிகம்.

பிடியிலிருந்து தொடங்குவோம். இடது கையில் கிளப் உள்ளங்கைக்குக் குறுக்கே கிடக்கக் கூடாது. சுட்டுவிரலின் நடுக்கணுவில் தொடங்கி, சுண்டுவிரலின் அடிப்பகுதி வழியாக, உள்ளங்கையின் தடித்த மேட்டுக்குக் கீழே சரிவாகப் போக வேண்டும். மேட்டை அதன்மேல் அழுத்தி மூடினால் மேலிருந்து பார்க்கும்போது இடது கையின் இரண்டு முதல் இரண்டரை முட்டிகள் தெரியும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் மடிப்பு வலது தோளை நோக்கும். வலது உள்ளங்கை இடது கட்டைவிரலை மூடிக்கொள்ள வேண்டும். வலது சுண்டுவிரலை இடது கைமேல் ஏற்றி வைப்பதா, கோத்துக்கொள்வதா, பத்து விரலும் தனித்தனியாகப் பிடிப்பதா என்பது அவரவர் கையின் அளவைப் பொறுத்தது. ஏற்றி வைக்கும் பிடியைப் பரப்பிய ஹாரி வார்டன் 1896-க்கும் 1914-க்கும் இடையே ஓபன் சாம்பியன்ஷிப்பை ஆறு முறை வென்றார். கோத்துப் பிடிக்கும் ஜாக் நிக்லாஸ் மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் 18 பட்டங்கள் வென்றார். சண்டை போடும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை.

பிடி சரியா என்று கையுறையைக் கேளுங்கள். இடது கையுறையின் உள்ளங்கை மேட்டுப் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்தால், கிளப் உள்ளங்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியிலும் வழுக்குகிறது என்று அர்த்தம். வழுக்குவதால் இன்னும் இறுக்குவீர்கள். இறுக்கினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், வலப்புறம் திறந்தபடியே பந்துக்கு வரும். கிளப்பின் ரப்பர் கிரிப் பளபளவென்று வழுவழுத்துப் போயிருந்தாலும் இதே கதைதான். வெதுவெதுப்பான நீரில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அப்போதும் பிடிப்பு வரவில்லையென்றால் கிரிப்பை மாற்றுங்கள். பாடம் கற்கக் கொடுக்கும் பணத்தைவிட அது மலிவு.

நிற்கும்போது இடுப்பு மூட்டிலிருந்து குனிய வேண்டும், முதுகை வளைத்து அல்ல. கிளப்பை முதுகோடு நீளவாக்கில் வைத்துப் பாருங்கள்: பின்தலை, தோள்களின் நடு, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் தொட்டபடியே குனிய முடிந்தால் சரி. கைகள் தோளிலிருந்து தளர்வாகத் தொங்க வேண்டும். எடை பாதத்தின் நடுவில் இருக்கட்டும். நின்ற நிலையில் கால்விரல்களைக் காலணிக்குள் அசைக்க முடிய வேண்டும். இடது பாதத்தை 20, 30 டிகிரி வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். இடுப்பு மூட்டு இறுகிப்போனவர்களுக்கு இந்தச் சின்னத் திருப்பம் அடியின் முடிவில் முதுகைக் காப்பாற்றும்.

பந்து இருக்க வேண்டிய இடம்: அதிக தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவருக்கு இடது குதிகாலின் உட்புறத்துக்கு நேரே, வெட்ஜுக்கு இரு கால்களின் நடுவே, மற்றவை இடையில். டிரைவருக்கு, பந்தைத் தாங்கும் சிறு முளையான டீயின் உயரம், பந்தின் பாதி கிளப் தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரியும் அளவு. குறி பார்க்கும்போது முதலில் கிளப்பின் முகத்தை இலக்குக்கு நேரே வைத்துவிட்டு, பிறகுதான் கால்களைக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலோர் கால்களை இலக்கை நோக்கி வரிசைப்படுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் முகம் இலக்குக்கு வலப்புறம் பார்க்கும். பந்துக்கு அரை மீட்டர் முன்னால், இலக்கின் கோட்டில் கிடக்கும் ஓர் இலையையோ பழைய டிவட்டையோ (முந்தைய அடியில் புல் பெயர்ந்த தடம்) குறியாக எடுத்துக்கொண்டால் வேலை சுலபம்.

பந்து என்ன சொல்கிறது

பந்து எந்தப் பக்கம் புறப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் கிளப்பின் முகம் தீர்மானிக்கிறது. டிரைவரில் சுமார் 85 சதவீதம், அயர்னில் சுமார் 75. பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்பதை முகத்துக்கும் கிளப் வீசப்பட்ட பாதைக்கும் உள்ள வித்தியாசம் தீர்மானிக்கிறது. ரேடார் கருவிகள் வருவதற்கு முன் இது தலைகீழாகச் சொல்லித்தரப்பட்டது. பந்து பாதையில் புறப்பட்டு முகத்தின் திசைக்கு வளையும் என்றார்கள். அந்தப் பழைய பாடம் இன்னும் பல வாய்களில் உலவுகிறது.

புதிதாக ஆடுகிறவர்களில் பலரைப் பிடித்தாட்டும் ஸ்லைஸை, அதாவது பந்து வலப்புறம் வளைந்து போவதை, இதை வைத்துப் படிக்கலாம். பந்து இலக்குக்கு இடப்புறம் புறப்பட்டு வலப்புறமாக வளைந்து விழுகிறதா? முகம் இடப்புறம் பார்த்திருக்கிறது, பாதை அதைவிட இடப்புறம் போயிருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வெட்டியிருக்கிறீர்கள். நேராகவோ வலப்புறமாகவோ புறப்பட்டு மேலும் வலப்புறம் வளைகிறதா? முகம் திறந்திருக்கிறது, முதலில் பிடியைப் பார்க்க வேண்டும், பாதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்லைஸ் வருகிறவர் இயல்பாகச் செய்வது இடப்புறமாகத் திரும்பி நிற்பது. அப்படி நின்றால் பாதை இன்னும் இடப்புறம் போகும், வித்தியாசம் கூடும், வளைவு பெரிதாகும். மறுபடியும் இன்னும் கொஞ்சம் இடப்புறம் திரும்புவார். நோயை வளர்க்கும் மருந்து இது.

இந்தக் கணக்கெல்லாம் பந்து முகத்தின் நடுவில் பட்டால்தான். டிரைவரில் முகத்தின் விரல்முனைப் பக்கம் (தண்டிலிருந்து தள்ளிய ஓரம்) பட்டால் பந்து இடப்புறம் வளையும், குதிகால் பக்கம் (தண்டை ஒட்டிய ஓரம்) பட்டால் வலப்புறம் வளையும், ஸ்விங் பாதை எப்படி இருந்தாலும். எனவே பாதையை மாற்றக் கிளம்புமுன் எங்கே படுகிறது என்று பாருங்கள். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் ஒரு புள்ளி வைத்து, புள்ளி கிளப்பை நோக்கி இருக்கும்படி அடித்தால் முகத்தில் மை ஒட்டும். பத்து பந்தின் கறை வரைபடமே கிடைத்துவிடும். கறை எல்லாம் குதிகால் பக்கம் குவிந்தால் அநேகமாக டவுன்ஸ்விங்கில் இடுப்பு பந்தை நோக்கி முன்னே வருகிறது. இதற்கு மருந்து ஒரு சுவர். பிட்டம் சுவரை லேசாகத் தொடும்படி நின்று, கிளப் இல்லாமல் ஸ்விங் செய்யுங்கள். கிளப்பைப் பின்னால் எடுக்கும் பேக்ஸ்விங்கில் வலது பிட்டம் சுவரைத் தேய்க்க வேண்டும், டவுன்ஸ்விங்கில் இடது பிட்டம். இரண்டும் சுவரை விட்டு விலகினால் குற்றவாளி அகப்பட்டார்.

மண்ணில் எங்கே படுகிறது

டிரைவரைத் தவிர்த்தால் கோல்ஃபில் எல்லாவற்றுக்கும் மேலான திறமை, கிளப் வரையும் வளைவின் தாழ்ந்த புள்ளியைப் பந்துக்கு முன்னால், அதாவது இலக்கின் பக்கம், வைப்பது. தேர்ந்த ஆட்டக்காரர்களின் அயர்ன் அடியில் அது பந்துக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அப்பால் இருக்கும். முதலில் பந்து, பிறகு மண். தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் விழுந்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: மண்ணை வாரிக்கொண்டு கிளப் தாமதமாக வரும், அல்லது மேலெழும் கிளப்பின் அடிவிளிம்பு பந்தின் நடுவயிற்றில் பட்டு அது தரையோடு சீறிப் பாயும். பார்க்க நேர்மாறான தவறுகள், காரணம் ஒன்றே. எடை வலது காலிலேயே தங்கிவிட்டது.

சோதித்துப் பார்ப்பது எளிது. புல்லில் அல்லது மணலில் இலக்குக் கோட்டுக்குக் குறுக்காக ஒரு கோடு கிழித்து, பந்து இல்லாமல் கோட்டை இரண்டு காலுக்கு நடுவில் வைத்து நின்று ஸ்விங் செய்யுங்கள். சீவப்படும் மண் கோட்டிலோ அதற்கு இடப்புறமோ தொடங்க வேண்டும். பத்தில் ஏழு சரியாக வந்த பிறகு பந்தை வையுங்கள். செயற்கைப் புல்விரிப்பில் இந்தப் பாடம் நடக்காது. பந்துக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் பட்டாலும் கிளப் விரிப்பில் வழுக்கிப் போய்ப் பந்தை எடுத்துவிடும்; அடி நன்றாக இருந்ததாக நம்புவீர்கள், மைதானத்தில் மண் உண்மையைச் சொல்லும். விரிப்புதான் கதி என்றால் பந்துக்கு 10 சென்டிமீட்டர் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதைத் தொடாமல் அடிக்கப் பாருங்கள். கெட்டியான விரிப்பில் அயர்னால் ஓங்கி அடித்துக்கொண்டே இருப்பது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் கேடு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எடையை இடப்பக்கம் கொண்டுபோக ஒரு நல்ல பயிற்சி: இரண்டு கால்களையும் சேர்த்து நின்று கிளப்பைப் பின்னால் எடுங்கள். கிளப் உச்சியை அடையும் முன்பே இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வைத்து, பிறகு அடியுங்கள். கால் முதலில், இடுப்பு அடுத்து, தோள் அதற்கடுத்து, கையும் கிளப்பும் கடைசி என்ற வரிசை தானாக அமையும். தோள் முந்திக்கொண்டால் கிளப் வெளியே தள்ளப்பட்டு வெளியிலிருந்து உள்ளே வெட்டும். மேலே சொன்ன ஸ்லைஸின் பிறப்பிடம் அதுதான்.

‘தலையைக் குனிந்தே வை’ என்பது கோல்ஃப் தெரியாதவர்கூடச் சொல்லும் புத்திமதி. அடி பந்தின் மேற்பகுதியில் பட்டதற்குத் தலை தூக்கியதுதான் காரணம் என்பார்கள். பெரும்பாலும் உடம்பு முழுவதும் எழும்பியதால்தான் தலையும் எழும்பியது. தலையைப் பூட்டி வைத்தால் தோள் திரும்ப முடியாது, எடை நகராது, கழுத்தும் கீழ்முதுகும் சேர்ந்து அனுபவிக்கும். அடித்த பிறகு தலை வலது தோளோடு சேர்ந்து இலக்கை நோக்கித் திரும்பட்டும். இடது கையைக் கம்பி போல் விறைக்கச் சொல்வதும் இதே இனம், நீட்டியிருந்தால் போதும்.

பேக்ஸ்விங் எவ்வளவு? பாடப்புத்தகக் கணக்கில் தோள் 90 டிகிரி, இடுப்பு 45. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவரின் மேல்முதுகும் இடுப்பு மூட்டும் அதைத் தராது. தராத திருப்பத்தைக் கீழ்முதுகிலிருந்து பிடுங்குகிறார்கள். கீழ்முதுகின் எலும்புகள் குனிந்து நிமிரத்தான் ஏற்றவை. முறுக்கிக்கொள்ள அவற்றுக்குச் சில டிகிரிகளே இடமுண்டு. திருப்பம் வர வேண்டியது இடுப்பு மூட்டிலிருந்தும் மேல்முதுகிலிருந்தும். எனவே இடது குதிகால் தரையிலிருந்து எழட்டும், வலது முழங்கால் கொஞ்சம் நிமிரட்டும், இடுப்பு தாராளமாகத் திரும்பட்டும். நிக்லாஸின் குதிகால் எழும்பத்தான் செய்தது.

வேகத்துக்கு ஒரு விகிதம் வைத்துக்கொள்ளலாம். தொழில்முறை ஆட்டக்காரர்களில் பேக்ஸ்விங்குக்கு ஆகும் நேரம் டவுன்ஸ்விங்கைப்போல் சுமார் மூன்று மடங்கு. பேக்ஸ்விங்கை மூன்று எண்ணி எடுத்து நான்காவதில் பந்து பட வேண்டும். வெடுக்கென்று பின்னால் இழுப்பவருக்கு மேலே போய்த் திரும்ப நேரமே இருக்காது.

ஐம்பது பந்து போதும்

100 பந்தை 40 நிமிடத்தில் அடித்தால் 24 விநாடிக்கு ஒரு ஸ்விங். மைதானத்தில் ஆறு நிமிடத்துக்கு ஒன்று. ஒரே பக்கம் முறுக்கும் அசைவை அவ்வளவு அடர்த்தியாகச் செய்வதை முதுகு விரும்பாது. கோல்ஃப் காயங்களில் கீழ்முதுகு முன்னணியில் நிற்பதில் வியப்பில்லை. முழங்கையும் மணிக்கட்டும் அடுத்து வருகின்றன.

ஐம்பது பந்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் பத்து, வெட்ஜால் அரை ஸ்விங். கடிகார முள்ளாக இடது கையை நினைத்தால் ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை. அடுத்த இருபது, ஒரே ஒரு திருத்தத்துக்கு. கோட்டுப் பயிற்சியோ துண்டுப் பயிற்சியோ. கடைசி இருபதில் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றுங்கள்: டிரைவர், 9 அயர்ன், ஹைப்ரிட், வெட்ஜ் என்று, மைதானத்தில் ஆடுவது போலவே. ஒரே கிளப்பால் இருபது அடித்தால் கடைசிப் பத்து அழகாகப் போகும், மறுநாள் மறந்துபோகும். மாற்றி மாற்றிப் பழகினால் அந்த நேரத்தில் அடி மோசமாகத் தெரியும், ஆனால் கற்றது தங்கும். 1979-இல் ஷியா, மார்கன் என்ற ஆய்வாளர்கள் எளிய கை அசைவுகளை வைத்துக் காட்டிய விஷயம் இது.

எதை நினைத்துக்கொண்டு அடிப்பது என்பதும் முக்கியம். 1999-இல் கேப்ரியலே வுல்ஃபும் சக ஆய்வாளர்களும் கோல்ஃபே ஆடியிராதவர்களுக்குச் சின்ன பிட்ச் அடிகள் சொல்லித்தந்தார்கள். கையின் அசைவைக் கவனிக்கச் சொன்ன குழுவைவிட, கிளப்பின் அசைவைக் கவனிக்கச் சொன்ன குழு துல்லியமாக அடித்தது. அடுத்த நாளும் அந்த வித்தியாசம் நின்றது. ‘வலது முழங்கையை உள்ளே வை’ என்பதைவிட ‘துண்டைத் தொடாதே’ நல்ல கட்டளை.

கைப்பேசியில் படம் எடுப்பதானால் பின்னாலிருந்து எடுக்கும்போது கேமரா கைகளின் உயரத்தில், கைகளுக்கு நேர்ப் பின்னால், இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு முழம் பக்கவாட்டில் நகர்ந்தாலே கிளப்பின் பாதை மாறித் தெரியும். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள் நிறைய.

தசை வேலை வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். இடுப்பிலிருந்து மடங்கி எடை தூக்கும் டெட்லிஃப்ட் 8 வீதம் மூன்று சுற்று. ஒற்றைக்காலை முன்வைத்து இறங்கும் ஸ்குவாட் பக்கத்துக்கு 8. பக்கவாட்டு பிளாங்க் 20 முதல் 30 விநாடி. ரப்பர் பட்டையை நெஞ்சுக்கு நேரே நீட்டி, அது முறுக்க முயலும்போது முறுகாமல் நிற்பது பக்கத்துக்கு 10. மேல்முதுகுக்கு, ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கி, மேல்கையைப் புத்தகம் திறப்பதுபோல் மறுபக்கம் விரிப்பது பக்கத்துக்கு 8. தினமும் செய்யலாம். எதிர்ப்பக்கமாக, அதாவது இடக்கைக்காரர் போல, பந்தில்லாமல் பத்து ஸ்விங் செய்வது ஒருபக்க முறுக்கலுக்குக் கொஞ்சம் ஈடு.

ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம்: நாலு நிமிட வேக நடை, காலை முன்னும் பின்னும் வீசுதல் 10, கிளப்பைத் தோளில் குறுக்கே வைத்து மெதுவாகத் திரும்புதல் 10, பிறகு வேகம் கூட்டிக்கொண்டே போகும் வெற்று ஸ்விங்குகள். இழுத்து நிறுத்திப் பிடிக்கும் நீட்சிப் பயிற்சிகள் ஆட்டம் முடிந்த பிறகு. முன்னால் நீண்ட நேரம் செய்தால் தசையின் வேகம் குறையும். கால்வரை இறங்கும் வலி, மரத்துப்போதல், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் இவற்றில் எது வந்தாலும் ஆட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

18 ஹோல் முடியாதவர் 9 ஆடலாம், ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்) கணக்குக்கும் அது செல்லும். எண்ணிக்கையில் மனம் நோகாமல் நடக்க விரும்புகிறவர்களுக்கு, ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறை இருக்கிறது. 1932-இல் இங்கிலாந்தின் வாலசி மைதானத்தில் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் கொண்டுவந்தது. ஒரு ஹோலில் புள்ளி கிடைக்கும் எல்லையைத் தாண்டிவிட்டால் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம்.

கடைசி நாலைந்து ஹோல்களில்தான் நடையும் ஸ்விங்கும் மோதும். கால் தளர்ந்ததற்கு முதல் அடையாளம், அதுவரை வராத கனத்த அடி. பந்துக்குப் பின்னால் மண் வாருகிறது. இடது காலுக்கு எடையைத் தள்ள முடியாமல் கை மட்டும் வீசுகிறது. அந்த நேரத்தில் ஓங்கி அடித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். ஓர் எண் நீளமான கிளப்பை எடுங்கள்: 8 அயர்னுக்குப் பதில் 7 அயர்ன். கிரிப்பில் 2 சென்டிமீட்டர் கீழே இறக்கிப் பிடியுங்கள், தொடக்கத்திலேயே எடையில் பாதிக்குச் சற்று மேல் இடது காலில் வைத்துக்கொள்ளுங்கள், முக்கால் ஸ்விங் அடியுங்கள். தண்ணீர் குடிக்கத் தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு ஹோலுக்கு ஒருமுறை நாலு வாய். வானத்தில் இடி கேட்டால் மட்டும் எந்தக் கணக்கும் வேண்டாம், கிளப்பைக் கையிலும் வைத்திருக்க வேண்டாம், தனிமரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.